பத்து மணி ஃபைலும் புஷ்பா அக்காவின் பஸ்ஸும்

ஃபைல் அனுப்பற தொழில்ல ஒரு விசேஷம் உண்டு: ஃபைல் ஒழுங்கா போய்ச் சேர்ந்தா நம்ம பேர் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது, போகலைன்னா நம்ம போன் நம்பர் ஊருக்கே மனப்பாடம் ஆயிடும்.

என் பேர் ஷீலா. மேற்குத் தாம்பரத்துல ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில எங்க ஆபீஸ். கம்பெனி கம்பெனியா ஸ்கூட்டர்ல போய், லினக்ஸ் போட்ட ஒரு சின்னப் பெட்டியை வச்சு, அதுல ஃபைல் அனுப்பற புரோகிராமை ஏத்தி, அது மக்கர் பண்ணினா திரும்பப் போய் திட்டு வாங்கிட்டு வர்றது என் வேலை. லினக்ஸ் தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: விண்டோஸ் மாதிரி அதுவும் ஒண்ணு, ஆனா முகத்துல சிரிப்பு கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கேட்டதுக்கு மட்டும் பதில். எங்க மாமனாரும் அப்படித்தான், அதனால எனக்குப் பழக்கம். ஏசி மெக்கானிக், தண்ணி ஃபில்டர்காரர், கேபிள்காரர்னு அடுத்தவங்க வீட்டு வாசல்ல நின்னு பேச்சு வாங்கற அத்தனை பேருக்கும் இந்தக் கதை புரியும்.

முன்னப் பின்ன தெரியாதவங்க

சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி ஒரு தொழிற்சாலை. வண்டிகளுக்கு பிரேக் பாகம் பண்றாங்க. முதலாளி பரந்தாமன் சார். வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு அவருக்குப் பெரிய ஆர்டர் தர்றதா சொல்லி, மூணு மாசம் ட்ரையல் வச்சுது. முந்தின நாள் செஞ்ச பாகங்களோட சோதனை ரிப்போர்ட் தினமும் நம்ம நேரம் சாயங்காலம் நாலு மணிக்குள்ள அவங்க சர்வருக்குப் போயாகணும். ஒரு நாள் தவறினாலும் ஆர்டர் வேற இடத்துக்கு. இதை அனுப்பற பொறுப்பு புஷ்பலதா அக்காவுக்கு. அனகாபுத்தூர்க்காரங்க, வருஷக்கணக்கா கான்ட்ராக்ட். தொழிற்சாலைக்குன்னு ஒரு கம்பெனி பஸ் உண்டு, அதுல பர்மனென்ட் ஆளுங்க மட்டும்தான் ஏறலாம். தினமும் காலையில பல்லாவரத்துல அக்கா கண்ணு முன்னாலயே அந்த பஸ் காலி சீட்டோட கிளம்பிப் போகும். அக்கா ரயில் பிடிச்சு, இறங்கி, ஷேர் ஆட்டோவுல பாதி உடம்பு வெளியில தொங்க வந்து சேருவாங்க. "ட்ரையல் தேறட்டும், பர்மனென்ட் பத்திப் பார்க்கலாம்"னு முதலாளி சொல்லியிருந்தார். முதலாளிங்க வாயில 'பார்க்கலாம்'னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேணாம். அக்கா அதை நம்பிக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பார்க்கப் பார்க்க வயித்தெரிச்சலா இருந்துச்சு.

முதல் நாளே வம்பு. இந்த புரோகிராம் ஒரு சர்வர்கிட்ட முதல் தடவை பேசறப்போ, 'இது யாருன்னு எனக்குத் தெரியாது, உறுதியா தொடரணுமா, யெஸ்ஸா நோவா'ன்னு கேக்கும். உலகத்துல எல்லாரும் படிக்காமயே யெஸ் போடுவோம். அக்கா படிச்சாங்க. நோ போட்டாங்க. திரும்பக் கேட்டுச்சு, திரும்ப நோ. மதியம் வரைக்கும் இதே கதை. நான் தாம்பரத்துலேருந்து மூச்சு வாங்க ஓடிப் போய், "ஏன்க்கா, யெஸ் போடக் கூடாதா?"ன்னு கத்தினேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுச் சொன்னாங்க: "யாருன்னே தெரியாதுன்னு அதுவே சொல்லுது, அவங்களுக்கு யெஸ் சொல்லக் கூடாதுன்னு பேங்க்குலேருந்து தினம் மெசேஜ் வருது, நீங்க என்னடான்னா யெஸ் போடுன்றீங்களே மேடம்!"

என் இடம், என் கரண்டு

ரிப்போர்ட் இருக்கற ஃபோல்டரை யாரும் கை வச்சுக் கலைச்சிடக் கூடாதுன்னு, புஷ்பா அக்கா மட்டும் திறக்கற மாதிரி செஞ்சிருந்தேன். ஒரு நாள் பரந்தாமன் சார் ஆசையா பெட்டி முன்னால உக்காந்து அதைத் திறக்கப் பார்த்திருக்கார். அனுமதி மறுக்கப்பட்டதுன்னு இங்கிலீஷ்ல வந்திருக்கு. அந்தக் காம்பவுண்டுக்குள்ள அவர்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. மறுபடி தட்டினார், மறுபடி மறுத்துச்சு. அப்புறம் செக்யூரிட்டியைக் கூப்பிட்டாராம். எதுக்குக் கூப்பிட்டார்னு இன்னி வரைக்கும் அந்த செக்யூரிட்டிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நான் போய், "சார், அது உங்களைச் சொல்லலை, உங்க லாகினைச் சொல்லுது"ன்னேன். எனக்குப் பொறுமைன்னு ஒண்ணு பிறவியிலேயே கிடையாது, அன்னிக்கு எப்படியோ வந்துது. வேணும்னா படிக்க மட்டும் அனுமதி தர்றேன், எதையும் மாத்த முடியாதுன்னேன். அது ஆறுதலா இருக்கும்னு நினைச்சது என் தப்பு. மனுஷன் எந்திரிச்சு நின்னு பெட்டியைப் பார்த்துக் கை நீட்டிக் கேட்டார்: "என் இடம், என் கரண்டு, என் டப்பா, என் ஃபைலு, எனக்கு அனுமதி குடுக்க இது யாரு, நீ யாரு?"

ராகு எந்த ஊர் நேரம் பார்ப்பார்

அடுத்தது நேரம். ஃபைல் தானா போற மாதிரி ஒரு நேரம் குறிச்சு வைக்கலாம்னு சொன்னதும் சார் உடனே காலண்டரைக் கழட்டிக் கொண்டு வந்துட்டார். ராகு காலத்துல ஆர்டர் சம்பந்தப்பட்ட எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. நானும் அவரும் தலையை ஒட்டி வச்சுக்கிட்டு ஏழு கிழமையையும் பார்த்தோம். காலையில பத்து மணிதான் ராசியான நேரம்னு முடிவாச்சு. சனிக்கிழமை மட்டும் பத்து மணி ராகு காலத்துல மாட்டுது, அதனால அன்னிக்குப் பதினொண்ணு. லினக்ஸ்ல இது ரொம்ப சுலபம். ரெண்டே வரியில எழுதிக் கொடுத்துட்டு, பெருமையா ஒரு டீ குடிச்சிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஃபைல் போயிடுச்சுன்னு சேதி வந்துது. எப்போ போச்சுன்னு யாரும் கவனிக்கலை. செவ்வாய்க்கிழமை சார் பத்து மணிக்கு முன்னாடியே போய் பெட்டி பக்கத்துல நின்னிருக்கார். போகலை. நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். போகலை. சாப்பாட்டை அங்கயே வரவழைச்சிருக்கார். சரியா மூணரைக்கு, செவ்வாய்க்கிழமை ராகு காலம் நட்ட நடுவுல, ஃபைல் குஷியா கிளம்பிப் போயிருக்கு. பெட்டிக்கு எந்த ஊர் கடிகாரம்னு சொல்ல நான் மறந்துட்டேன், அது பாட்டுக்கு லண்டன் பக்கத்து நேரத்தை வச்சுக்கிட்டுப் பத்து மணிக்குக் காத்திருந்திருக்கு. நான் வேர்த்து விறுவிறுத்து விஷயத்தைப் போன்ல விளக்கினதும் சார் லண்டன்ல இப்ப மணி என்னன்னு கேட்டுக்கிட்டார். அப்புறம் சொன்னார்: "லண்டன்ல ராகு தொல்லை இல்லாம இருக்கலாம்மா, ஆனா மாசாமாசம் கரண்டு பில் கட்டறது நான்தானே, அதை நம்ம ஊர் நேரம் பார்க்கச் சொல்லு."

கூலா வைக்கணும்

இந்தத் தொழிற்சாலை ஒண்ணே என் உசுரை வாங்கிக்கிட்டு இருக்கறப்போ, நடுவுல ஒரு நாள் கோவளத்துலேருந்து போன். அங்க தேசிங்குன்னு ஒரு மீன் வியாபாரி. காலையில கரைக்கு வந்த மீனைப் போட்டோ எடுத்து, எடை போட்டு, ஏத்துமதிக்காரங்களுக்கு அனுப்புவார். அதுக்கும் நம்ம பெட்டிதான். "டப்பா செத்துப் போச்சுக்கா"ன்னார். போன வாரம்தான் வச்சேன், அதுக்குள்ள எப்படிச் சாகும்னு திட்டிக்கிட்டே போனா, வச்ச இடத்துல பெட்டி இல்லை. தேசிங்கு என்னைக் கொட்டகைக்குப் பின்னால கூட்டிட்டுப் போய் ஒரு தெர்மாகோல் பெட்டியைத் திறந்தார். ஐஸ் கட்டி, அதுக்கு மேல கோணிப்பை, அதுக்கு மேல என் லினக்ஸ் பெட்டி, பக்கத்துல ரெண்டு வஞ்சிரம். பெட்டிக்குள்ளேருந்து தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

நான் தலையில கை வச்சுக்கிட்டு அப்படியே மணல்ல உக்காந்துட்டேன். காயப் போட்டாவது பார்ப்போம்னு அதை ஸ்கூட்டர்ல எடுத்துட்டு வந்தா, மேடவாக்கம் சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரர் கிலோ என்ன விலைன்னு கேட்டார். ஆனா தேசிங்கைத் திட்டவும் மனசு வரலை, ஏன்னா கொட்டகையில நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவர் முந்திக்கிட்டார்: "இன்னாக்கா மொறைக்கிற, சூடாவக் கூடாது, கூலா வைன்னு நீதான சொல்லிட்டுப் போன, மீனுக்கே ஐஸ் பத்தாம பேஜாராகீது, அதுலயும் இதுக்குன்னு தனியா ஒதுக்கி வச்சிகினு கீறோம்!"

கம்ப்யூட்டர் குடுத்த புகார்

திரும்ப சிங்கப்பெருமாள் கோவில். ட்ரையல்ல பாதிக்கு மேல தாண்டியாச்சு, ஒரு நாள் கூடத் தவறலை. புஷ்பா அக்கா இதுக்குள்ள கெட்டிக்காரி ஆயிட்டாங்க. அப்போ பார்த்து அந்த வெளிநாட்டுக்காரங்க, சொல்லாம கொள்ளாம அவங்க சர்வரை மாத்திட்டாங்க. பழகின பேர்ல புது முகம் வந்து நின்னா நம்ம புரோகிராம் சும்மா விடாது. திரை முழுக்கக் கொட்டை எழுத்துல, 'எச்சரிக்கை, யாரோ உங்களை ஏமாத்தி அசிங்கமான வேலை ஏதோ பண்ணிக்கிட்டு இருக்கலாம்'னு கூப்பாடு போடும். அக்கா அதைப் படிச்சாங்க. ஒயரைப் பிடுங்கினாங்க. ரூமைப் பூட்டினாங்க. திரையைப் பிடிச்ச போட்டோவோட நேரா போலீஸ் ஸ்டேஷன் போயிட்டாங்க.

எனக்குப் போன் பண்ணினது ஸ்டேஷன்லேருந்து ஒரு ஏட்டு. ரொம்ப மரியாதையா பேசினார். அக்காவுக்கு மோர் எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கார். நான் விழுந்தடிச்சு ஓடி, அவருக்கு விளக்கி, அக்காவை ஸ்கூட்டர்ல பின்னால ஏத்தி, பூட்டைத் திறந்து, கெடுவுக்குள்ள ஃபைலை ஒரு வழியா அனுப்பிட்டேன். வழி நெடுக அக்கா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, "நாலு மணி ஆயிடாதே மேடம், ஆயிடாதே மேடம்"னு அதையே சொல்லிக்கிட்டு வந்தாங்க. அந்த ஏட்டு சொன்னது மட்டும் இன்னும் காதுல இருக்கு: "நாங்களும் எத்தனையோ புகார் வாங்கியிருக்கோம் மேடம், கம்ப்யூட்டரே புகார் எழுதிக் குடுத்து இப்பதான் பார்க்கறோம், ஆனா யார் மேல சந்தேகம்னு மட்டும் எழுதாம விட்டுடுச்சு."

சாவி இருந்த இடம்

இந்தக் கலாட்டாவுக்கு அப்புறம் வெளிநாட்டுக்காரங்க ஒரு புது விதி போட்டாங்க. பாஸ்வேர்டு வேணாம், அதுக்குப் பதிலா சாவின்னு ஒரு குட்டி ஃபைல். அது பெட்டிக்குள்ள இருக்கக் கூடாது, பென்டிரைவ்ல தனியா இருக்கணும், தினமும் ஃபைல் போற நேரத்துக்கு மட்டும் சொருகணும். நான் அதை அக்கா கையில வச்சு, "அக்கா, இந்தக் கம்பெனியிலேயே ரொம்ப முக்கியமான பொருள் இதுதான், உசுரா பார்த்துக்குங்க"ன்னு பெரிய லெக்சர் அடிச்சேன். என் வாயைத் தைக்கணும்.

ட்ரையல் முடியப் போற நேரத்துல ஆயுத பூஜை வந்துது. நான் பொரிக்கும் சுண்டலுக்கும்தான் போனேன், இதுல மறைக்க என்ன இருக்கு. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாசல்ல வாழைக்கன்னு, பூசணிக்காய் உடைச்சாச்சு. சாப்பிட்டுட்டு, மதியம் ரெண்டு மணி சுமாருக்கு சும்மா பெட்டியை எட்டிப் பார்த்தா, அன்னிக்குப் பத்து மணி ஃபைல் போகவே இல்லை. சாவியைக் காணோம், சாவியைக் காணோம்னு திரை முழுக்கப் புலம்பி வச்சிருக்கு. "அக்கா, பென்டிரைவ் எங்க?"ன்னேன். அக்கா கையைக் காட்டினாங்க. ஹால் நடுவுல மேஜை, மேஜை மேல சரஸ்வதி படம், படத்துக்கு முன்னால மேஜை ஓரமா புஸ்தக அடுக்கு, அதுக்கு உச்சியில பென்டிரைவ். சந்தனப் பொட்டு வச்சு, சாமந்திப்பூ வச்சு, ஜம்முனு உக்காந்திருக்கு. "முக்கியமான பொருளை எல்லாம் காலையிலேயே பூஜையில வைக்கச் சொன்னாங்க, இதைவிட முக்கியமானது இல்லைன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? ஊருக்கே லீவு, ஃபைலுக்கும் லீவுன்னு நினைச்சுட்டேன்"னு சொல்றப்பவே அக்காவுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. வெளிநாட்டுல ஏது ஆயுத பூஜை? எடுத்துட வேண்டியதுதானேன்னு கையை நீட்டினேன். பரந்தாமன் சார் குறுக்கே வந்து நின்னுட்டார். பூஜையில வச்சதை விஜயதசமி காலையில மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும், நடுவுல அசைக்கவே கூடாது. "சார், உங்க ஆர்டர் சார்!"ன்னேன். "என் ஆர்டர்தாம்மா, அதுக்காக சாமிகிட்ட வச்சதைப் பிடுங்கச் சொல்றியா?"ன்னார். அவருக்கும் வேர்த்துக் கொட்டுது, ஆனா நகர மாட்டேங்கறார். போதாக்குறைக்கு அன்னிக்குன்னு பார்த்து செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்குக் கெடு, மூணு மணிக்கே ராகு காலம். அக்கா ஓரமா நின்னு தன் கான்ட்ராக்ட் அட்டையோட கயித்தை முறுக்கிக்கிட்டே இருந்தாங்க.

எனக்கு வந்துதே கோபம்! "சரி சார், எடுக்க வேணாம், அது அங்கயே இருக்கட்டும், கம்ப்யூட்டர் வந்து அதைக் கும்பிட்டுக்கட்டும்!"னு கத்திட்டேன். கத்தினப்புறம்தான், அட, இது நடக்குமேன்னு உறைச்சுது. லினக்ஸ் பெட்டிக்கும் பொட்டு வச்சாச்சு, அதையும் அசைக்கக் கூடாது. என் லேப்டாப் மட்டும்தான் பொட்டு இல்லாம ஸ்கூட்டர்ல கிடந்துது. இந்தக் கம்பெனி இன்டர்நெட் லைன்லேருந்து வந்தாத்தான் அந்தப் பக்கம் வாங்கிப்பாங்க, அதனால கேமரா மாட்டினப்போ மிச்சமான ஒயர் சுருளை இழுத்துட்டு வந்து, சாம்பிராணிப் புகையில கண்ணைக் கசக்கிக்கிட்டே நுனி மாட்டி, பெட்டி இருந்த ரூம்லேருந்து மேஜை வரைக்கும் இழுத்தேன். ரிப்போர்ட்டை லேப்டாப்புக்கு எடுத்தாச்சு. "பென்டிரைவ் மூடியைக் கழட்டலாமா சார்?"னு கேட்டேன். "தேங்காயை உடைக்கலாம்னா மூடியைக் கழட்டலாம்"னார். அக்கா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, டிரைவ் துளியும் அசையாம மூடியை மட்டும் உருவினாங்க. பேக்கிங் செக்‌ஷன் பொண்ணுங்க ரெண்டு பேர் லேப்டாப்பைத் தூக்கிப் பிடிச்சு, பென்டிரைவை நோக்கி மெள்ள மெள்ளக் கொண்டு போனாங்க. போய் முட்டி நின்னுச்சு. உள்ள போகலை. உங்களுக்கே தெரியும், இந்தச் சனியன் முதல் தடவை என்னிக்குச் சரியா சொருகியிருக்கு? டிரைவைத் திருப்பக் கூடாது. அப்போ லேப்டாப்பைத்தான் குப்புறத் திருப்பணும். திருப்பினாங்க. திரை மேஜை ஓரத்துல கீழ தொங்குது, கீபோர்டு கவுந்து இருக்கு, நான் மேஜைக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு அண்ணாந்து டைப் அடிக்கறேன்.

அப்பவும் அந்த புரோகிராம் ஒரு முட்டுக்கட்டை போட்டுச்சு: சாவியை எல்லாரும் பார்க்கற மாதிரி வச்சிருக்கீங்க, ஏத்துக்க மாட்டேன்னு. நான் அதை உரக்கப் படிச்சதும், "சாமி முன்னால வச்சா எல்லாரும் பார்க்கத்தானே செய்வாங்க, இதுல அதுக்கு என்ன கோவம்?"னு மேலேருந்து சார் குரல். அதையும் சரிக்கட்டி எண்டர் தட்டினேன். மூணு அடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஃபைல் போய்ச் சேர்ந்துச்சு. "போச்சு!"ன்னு கத்திட்டு எந்திரிக்கப் போய் மேஜையில மண்டையை இடிச்சுக்கிட்டேன். ஒருத்தரும் என் மண்டையைக் கண்டுக்கலை. அக்கா மட்டும் குனிஞ்சு என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "நிஜமா போயிடுச்சா மேடம்? தலைகீழா படிச்சிட்டுச் சொல்லாதீங்க, நேரா உக்காந்து இன்னொரு தடவை படிச்சுச் சொல்லுங்க."

ரெண்டு பேர்

ட்ரையல் தேறிடுச்சு. பர்மனென்ட் என்னாச்சு சார்னு நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "பொங்கல் வரட்டும், பார்க்கலாம்"னார். நான் பயந்தது நடந்துடுச்சு. அக்கா சிரிச்ச மாதிரி தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்க ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

ஆர்டர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, அந்த வெளிநாட்டுக் கம்பெனியோட பாதுகாப்பு அதிகாரி போன்ல வந்தார். ஸ்பீக்கர்ல போட்டு நாங்க மூணு பேரும் கேட்டோம். ஒரு நாள் ஃபைல் வேற மெஷின்லேருந்து வந்திருக்கே, அன்னிக்குக் காலையிலேருந்து சாவி யார் பொறுப்புல இருந்துச்சுன்னு கேட்டார். சார் ஏதாவது சமாளிப்பார்னு நினைச்சேன். ஆனா சாமி விஷயத்துல அவர் பொய் சொல்ல மாட்டார். "சரஸ்வதி"ன்னார். வேற யாரும் தொட்டாங்களான்னு அதிகாரி கேட்டார். "அவங்ககிட்ட இருக்கறப்போ யாரும் தொட மாட்டாங்க, நானே தொடலை"ன்னார் சார், ஆணி அடிச்ச மாதிரி. அந்த அதிகாரிக்கு ஏக சந்தோஷம். இப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததே இல்லைன்னு புகழ்ந்துட்டு, கடைசியா ஒண்ணு கேட்டார். "எங்க விதிப்படி சாவி வச்சிருக்கறவங்க கான்ட்ராக்ட் ஆளா இருக்கக் கூடாது, புஷ்பலதா, சரஸ்வதி, ரெண்டு பேரும் பர்மனென்ட்தானே, இல்லைன்னா நான் கையெழுத்து போட முடியாதே."

சார் சுவத்துல இருந்த சரஸ்வதி படத்தைப் பார்த்தார். புஷ்பா அக்கா கழுத்துல தொங்கின கான்ட்ராக்ட் அட்டையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்துது, உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். "ரெண்டு பேரும் பர்மனென்ட்தான்"னு சொல்லி போனை வச்சவர், பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினார்: "சரஸ்வதி எப்பவுமே பர்மனென்ட்தாம்மா, புஷ்பலதாவுக்குத்தான் ஆர்டர் அடிக்கணும், ஆபீஸ்ல சொல்லி ராகு காலம் வர்றதுக்குள்ள அடிக்கச் சொல்லு."

ஆக மொத்தம், மூணு மாசம் நாயா அலைஞ்சு புரோகிராம் ஏத்தினது நான், பர்மனென்ட் ஆனது ரெண்டு பேர், பல்லாவரத்துல கம்பெனி பஸ் ஏறி ஜன்னலோரமா உக்காந்து போறது புஷ்பா அக்கா, எனக்கு மிஞ்சினது சந்தனம் அடைச்ச லேப்டாப்பும் வஞ்சிர வாசம் போகாத ஸ்கூட்டரும்.